சூசன்னாவும் வானவன்மாதேவியும்

ஒரு சித்திரம் ஒரே பிரதியாக அரண்மனைச் சுவரிலோ ஆலய விதானத்திலோ தங்கியிருக்கும்வரை அதன் ஒழுக்கத்துக்குப் பொறுப்பேற்க அரசனும் ஆசாரியனும் இருந்தனர். அதே சித்திரம் செப்புத்தகட்டில் கீறப்பட்டு, மசி பூசப்பட்டு, நூற்றுக்கணக்கான தாள்களில் பதிந்து சந்தைக்கு வந்து, பெயர் தெரியாத ஒருவன் அதைச் சில காசுகளுக்கு வாங்கித் தன் பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்ட நாளில், அதில் எழுதப்பட்ட பெண்ணின் மானத்துக்குப் பொறுப்பாளி யார் என்ற வினா எழுந்தது. ஐரோப்பாவில் பரோக் என்று பெயர் பெற்ற கலையுகம், அதாவது பெரும்பாலும் 17-ஆம் நூற்றாண்டும் அதன் இருபுற ஓரங்களும், இவ்வினாவை எழுப்பி அதற்கு மிகவும் சாமர்த்தியமான ஒரு சமாதானத்தையும் கண்டுபிடித்தது. அந்தச் சமாதானத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதைக் கள்ளக்குறிச்சிச் சீமையிலிருந்து ஆராய்வதற்குக் காரணங்கள் உண்டு. அவ்யுகத்து அச்சுத் தகடுகளில் நம் நாட்டுப் பெண்களும் ஏறினார்கள். அவர்களை எழுதியவர்கள் அறியாத ஒரு சாட்சியம் நம் திருக்கோவிலூரில் கல்லில் நிற்கிறது.

முதலில் தொழிலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சின்னசேலத்திலும் கள்ளக்குறிச்சியிலும் திருக்கோவிலூரிலும் தேக்கையும் வாகையையும் செதுக்கும் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு அச்சுச் சித்திரத்தின் அமைப்பு எளிதில் விளங்கும். மரக்கட்டை அச்சில், வேண்டாத இடமெல்லாம் உளியால் தோண்டி எடுக்கப்பட, மேடாக எஞ்சிய கோடு மசியை ஏற்றுத் தாளில் பதிகிறது. செப்புத்தகட்டில் அதற்கு நேர்மாறாக, கூரிய உளி உழுத பள்ளத்தில் மசி தங்கி, ஈரத்தாளை அழுத்தும்போது மேலே வருகிறது. இவ்விரண்டுக்கும் அப்பால், தகட்டின்மேல் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் அதைக் கீறி, கீறிய கோட்டை மட்டும் அமிலம் அரிக்குமாறு விடும் மூன்றாவது முறையொன்றும் அக்காலத்தில் செழித்தது. உளியைத் தள்ளுவதற்கு வேண்டிய பல்லாண்டுப் பயிற்சி இதற்கு வேண்டியதில்லை. தாளில் எழுதுவதுபோல் ஓவியனே தன் கையால் எழுதலாம். டச்சு ஓவியன் ரெம்பிராண்ட் இம்முறையைத்தான் தன் சொந்தப் பாஷையாக்கிக் கொண்டான். செம்பு தன்னைச் செய்தவனின் ஆயுளைக் கடந்து நிற்பது என்பதையும் மறத்தலாகாது. ரெம்பிராண்ட் 1669-இல் இறந்தபின், அவன் தகடுகள் கைமாறிக் கைமாறி 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்து வியாபாரிகளிடம் சேர்ந்து மீண்டும் மீண்டும் அச்சேறின. சித்திரம் எழுதியவனின் மனச்சாட்சியாற்கூட அடக்க முடியாத பொருளாக அச்சுச் சித்திரம் ஆகிவிட்டது.

இந்தப் பயத்தைத் திருச்சபையார் முன்னரே உணர்ந்திருந்தனர். 1524-இல் ரோமாபுரியில், ஜூலியோ ரோமானோ வரைந்த காமரூபங்களை மார்க்கன்தோனியோ ரைமொந்தி தகட்டில் வெட்டி அச்சிட்டபோது, போப்பாண்டவர் ஏழாம் கிளெமெண்ட் ரைமொந்தியைச் சிறையிலிட்டார். மூலச் சித்திரம் வரைந்தவனோ தண்டனையின்றி மாந்துவா நகரப் பிரபுவின் சேவகத்துக்குப் போய்ச் சேர்ந்தான். குற்றம் கற்பனையில் இருப்பதாக அவர்கள் கருதவில்லை. பெருக்கத்தில் இருப்பதாகக் கருதினார்கள். சீமான் ஒருவன் தன் பள்ளியறையில் பார்ப்பதைத் தெருவில் போகிறவன் பார்க்கலாகாது என்பதே அத்தீர்ப்பின் உட்கிடை. இது ஒழுக்கத்தைவிட அந்தஸ்தைக் காத்த தீர்ப்பு என்றே நான் எண்ணுகிறேன். பின்னர் 1563-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் திரெந்து நகரத்துச் சங்கம், தெய்வ உருவங்களில் சிற்றின்ப வசீகரம் கலத்தலாகாது என்று விதித்தது. அவ்விதியின் நிழலில்தான் பரோக் கலை வளர்ந்தது.

விதி வந்தபின் நிர்வாண உருவம் மறையவில்லை. அதற்கு ஒரு நீதி வாசகம் துணையாக வந்தது. நான் மேலே குறித்த சமாதானம் இதுதான். ஆண்ட்வெர்ப் நகரத்து மகா ஓவியர் பீட்டர் பால் ரூபென்ஸ், தம் சித்திரங்களைப் பிறர் களவாக அச்சிடாதிருக்க அரசுகளிடம் தனியுரிமை பெற்று, லூக்காஸ் ஃபோர்ஸ்டர்மன் என்னும் வித்தகனைக் கொண்டு தகடுகள் வெட்டுவித்தார். 1620-இல் வெளிவந்த அவற்றுள் ஒன்று விவிலியத்துச் சூசன்னாவின் கதை. தோட்டத்தில் நீராடும் குலஸ்திரீ ஒருத்தியை ஊர்ப் பெரியவர்களான இரு முதிய நியாயாதிபதிகள் மறைந்திருந்து பார்த்து, இணங்காவிட்டால் சோரம் போனாள் என்று சாட்சி சொல்வதாக மிரட்ட, அவள் மரணத்தையே ஏற்கத் துணிய, இளைஞன் தானியேல் குறுக்கு விசாரணை செய்து அவளைக் காப்பாற்றுவதாகக் கதை செல்கிறது. கதையின் சிகரம் நியாய சபை. பரோக் ஓவியர்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்ததோ நீராட்டுக் கட்டம். ஃபோர்ஸ்டர்மன் வெட்டிய தகட்டில் அவள் அங்கங்களைத் துணியால் மறைக்கக் கூனிக் குறுகுகிறாள். முதியோர் இருவரும் அவளை நெருங்குகின்றனர். அடியிலோ, ஹாலந்து தேசத்துக் கவியும் கண்ணாடியில் எழுத்துப் பொறிப்பதில் வல்லவருமான அன்னா ரூமர்ஸ் ஃபிஸ்ஸர் என்ற கன்னிகைக்கு இப்படம் கற்பின் உதாரணமாகச் சமர்ப்பிக்கப்படுவதாக லத்தீன் மொழியில் எழுதியிருக்கிறது.

படத்தை வாங்கியவன் எவன் கண்ணால் பார்த்தான்? மேலே உள்ள கோடுகள் அவனை அம்முதியோர் இருவரின் பக்கத்தில் நிறுத்துகின்றன. கீழே உள்ள எழுத்து அவனைத் தானியேலின் பக்கத்தில் நிறுத்துகிறது. பார்வை ஓரிடத்திலும் தீர்ப்பு வேறோரிடத்திலுமாக, இரண்டையும் ஒரே விலைக்கு அவன் பெற்றுக்கொள்கிறான். ரூபென்ஸின் பக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. அச்சமர்ப்பணம் வெறும் முகமூடி என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. கல்வியிற் சிறந்த ஒரு பெண்ணின் பெயரை அதில் பொறித்தது அக்காலத்துக்கு உயர்ந்த மரியாதையே. ஆயினும் சூசன்னாவின் கற்பு அவள் கொண்ட உறுதியில் இருந்தது. படத்தில் அந்த உறுதி எழுதப்படவில்லை, அதற்கு வந்த ஆபத்தே எழுதப்பட்டிருக்கிறது. அவள் பேசிய சொல்லைப் படம் விட்டுவிட்டது.

இதே ஆபத்தை நம் பக்கத்துக் கலை எவ்வாறு கையாண்டது என்பதை நினைக்காமல் மேலே செல்ல இயலவில்லை. பழைய தென்னார்க்காட்டில், கள்ளக்குறிச்சி உட்பட, திரௌபதியம்மன் கோயில் உற்சவங்களில் பாரதக் கூத்து இரவெல்லாம் நடக்கும். அதில் துகிலுரிதல் ஆடும் இரவு தனிச் சிறப்புடையது. சபை நடுவே ஒரு பெண்ணின் ஆடை பறிக்கப்படும் கதை அது. சூசன்னாவின் கதையைவிடக் கொடியது. ஆனால் துச்சாதன வேடம் பூண்டவர் சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றி வணங்கிப் பிழை பொறுக்க வேண்டுகிறார், திரௌபதியாக நிற்பவரோ அவ்வேளையில் அம்மனாகவே மதிக்கப்படுகிறார், சேலை வளர்கிறது, சரீரம் வெளிப்படுவதில்லை, பார்த்திருப்போர் கைகூப்புகின்றனர். அதன்பின் அவள் கேட்கும் நியாயமும், கூந்தலை முடியேன் என்னும் சபதமும்தான் இரவின் பெரும்பகுதியை ஆள்கின்றன. பெண் வேடத்தையும் ஆடவரே பூணும் மரபு அது என்பதையும், அம்மரபுக்குள் பெண்களுக்கு மேடை நெடுங்காலம் மறுக்கப்பட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பார்ப்பவன் துச்சாதனன் பக்கத்தில் நிற்க இயலாதபடி சடங்கினால் தடுக்கப்படுகிறான் என்பது, ஐரோப்பியத் தாள் வியாபாரம் ஒருபோதும் செய்ய முடியாத காரியம். அத்தாள் வாங்கியவனோடு தனியே போய்விட்டது. கூத்தில் ஊர் முழுவதும் உடனிருக்கிறது.

பரோக் உலகம் முழுவதும் ஒரே குரலில் பேசிற்று என்று எண்ணுவதும் தவறாகும். 1631-ஆம் வருஷத்தை ஒட்டி ரெம்பிராண்ட், மண்மேட்டில் அமர்ந்திருக்கும் ஆடையற்ற ஒரு பெண்ணை அமிலத் தகட்டில் எழுதினான். சரிந்த வயிறும் தளர்ந்த சதையும் உடைய சாதாரண ஸ்திரீ அவள். தேவதையின் பெயரோ புராணத்தின் பெயரோ அவளுக்குச் சூட்டப்படவில்லை. நம்மையே நேராகப் பார்க்கிறாள். அப்படம் விரைவில் புகழ் பெற்று, வென்சஸ்லாஸ் ஹோலார் 1635-இல் அதைப் பார்த்து மறுபடி தகட்டில் எழுதினான். ஆனால் 1681-இல் ஆண்ட்ரியஸ் பெல்ஸ் என்னும் டச்சுக் கவி, ரெம்பிராண்ட் இறந்து பன்னிரண்டு வருஷங்களுக்குப் பின், அவன் கிரேக்க ரதியைத் தேர்ந்தெடுக்காமல் வண்ணாத்தியையும் கொட்டிலில் உழைக்கும் பெண்ணையும் எழுதினான் என்றும், கச்சின் தழும்பும் காற்பட்டையின் தழும்புங்கூட அவர்கள் சரீரத்தில் தெரியும்படி எழுதினான் என்றும் கடுமையாக நிந்தித்தார். இந்த நிந்தையை நிதானமாக வாசித்தால் ஒரு பேருண்மை புலப்படும். நிர்வாணம் பெல்ஸுக்கு ஆட்சேபமில்லை. உழைத்த உடம்பின் அடையாளங்களே ஆட்சேபம். லட்சிய அழகு என்னும் போர்வையில் எவ்வளவு ஆடையின்மையையும் சகித்த சீலம், ஒரு துணி வெளுப்பவளின் மெய்யான வயிற்றைச் சகிக்கவில்லை. ரெம்பிராண்டின் பெண்படங்கள் எல்லாம் குற்றமற்றவை என்று நான் வாதிக்க மாட்டேன். 1634-இல் அவன் எழுதிய, விவிலியக் கதையில் வரும் போத்திபாரின் மனைவி, யோசேப்பின் ஆடையைப் பற்றி இழுக்கும் நிலையில், பெண்ணின் இச்சையை மிருகப்பிராயமாகவே காட்டுகிறாள். ஆயினும் அந்த மண்மேட்டுப் பெண்ணில், பார்க்கப்படுபவளும் பார்க்கிறாள். அது சிறிய மாறுதலன்று.

இனி நம் நாட்டுப் பெண்கள் அந்தத் தகடுகளில் ஏறிய வரலாற்றுக்கு வருவோம். கோவாவில் 1583 முதல் சில ஆண்டுகள் மேற்றிராணியாரின் காரியதரிசியாயிருந்த டச்சுக்காரர் லின்ஸ்ஹோட்டன், 1596-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட யாத்திரை நூலில், பல்லக்கில் செல்லும் கோவா நகரத்துப் போர்ச்சுகீசிய மாதர் முதலியோரைச் செப்புத்தகட்டுப் படங்களாகச் சேர்த்தார். அவற்றுள் ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது, கணவனுடன் நெருப்பில் பாயும் விதவையின் படம். அடுத்து ஆபிரகாம் ரோஜேரியஸ் என்னும் டச்சுப் பாதிரியார், நம் பழவேற்காட்டில் ஏறத்தாழப் பத்தாண்டு வாழ்ந்து, பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்தவற்றை எழுதிவைத்துக் காலமானார். அந்நூல் 1651-இல் லெய்டன் நகரில் அச்சாயிற்று. நூலின் உள்ளே சடங்குகளும் நம்பிக்கைகளும் நிதானமாக விவரிக்கப்படுகின்றன. பர்த்ருஹரியின் செய்யுட்கள் முதன்முதலாக ஓர் ஐரோப்பிய மொழியில் அதில்தான் அச்சேறின. ஆனால் முகப்புச் சித்திரத்திலோ மற்றச் சடங்குகளோடு உடன்கட்டையேறும் பெண் நிற்கிறாள். தகடு வெட்டியவன் பழவேற்காட்டைக் கண்டவனல்லன். 1723 முதல் பல சம்புடங்களாக வெளிவந்த உலகச் சமயச் சடங்குகளின் பெருநூலுக்குப் படம் எழுதிய பெர்னார் பிக்காரும் இந்தியாவில் கால் வைத்தவரல்லர். முந்தைய படங்களையும் யாத்திரைக் குறிப்புகளையும் ஆதாரமாகக் கொண்டு ஆம்ஸ்டர்டாமில் இருந்தபடியே எழுதினார். இவ்வாறு ஒரு படத்தைப் பார்த்து மற்றொரு படம் பிறக்க, ஒரே விதவை நூற்றைம்பது வருஷகாலம் திரும்பத் திரும்ப ஒரே சிதையில் இறங்கினாள். அவளுக்குப் பெயரில்லை, ஊரில்லை. சூசன்னாவைப் போலவே அவளும் கற்பின் உதாரணமாகவும் காட்சிப்பொருளாகவும் ஒருங்கே விற்கப்பட்டாள். வித்தியாசம் என்னவென்றால், சூசன்னாவைப் பார்த்த ஐரோப்பியன் அவள்பால் இரங்கினான். இவளைப் பார்த்தவன் தன் தேசத்து நாகரிகத்தை எண்ணிப் பெருமை கொண்டான்.

இப்போது திருக்கோவிலூருக்கு வாருங்கள். தென்பெண்ணைக் கரையில் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராஜராஜன் காலத்துச் சாசனம் ஒன்று உண்டு. இந்நாட்டை ஆண்ட மலையமான் குலத்தில் தோன்றி, சுந்தர சோழனுக்கு மனைவியாகி, இராஜராஜனைப் பெற்ற வானவன்மாதேவி, கணவன் மாண்டபோது பால்குடி மறவாத மகவைப் பிரிந்து தீயில் புகுந்தாள் என்று அச்சாசனம் சொல்கிறது; அதே சாசனம் கபிலர் பாரியின் மகளை மலையமானுக்கு அளித்துப் பின் தீப்புகுந்ததையும் நினைவுகூர்கிறது. அங்கே சித்திரமில்லை. பெயர் உண்டு, குலம் உண்டு, பிறந்த நாடு உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரிக்கப்பட்ட குழந்தையின் தாகம் உண்டு. பிக்காரின் படத்தில் சிதையைச் சுற்றி எத்தனை பேரை எழுதினாலும் அந்தக் குழந்தை இல்லை. வானவன்மாதேவியின் செயலைச் சாசனம் போற்றுகிறது. நாம் அதைப் போற்ற வேண்டியதில்லை. கணவனுக்குப்பின் பெண்ணுக்கு உயிர் மிகை என்று நினைத்த தர்மம் கொடிய தர்மமே. நம் கிராமங்களில் தீப்பாய்ந்த அம்மன் என்று தொழப்படும் பெண்கள் எத்தனை பேர் தாமாகப் பாய்ந்தனர், எத்தனை பேர் தள்ளப்பட்டனர் என்பதைத் தொழுகை மூடிவிட்டது. எனினும் ஒரு மனுஷியின் மரணத்தை நினைப்பதற்கும், ஒரு தேசத்தின் விநோதமாக அதைக் காட்டுவதற்கும் உள்ள பேதம் பெரிது. அவள் மகள் குந்தவை, தஞ்சை இராஜராஜேசுவரத்தில் தன் தாய்க்கும் தந்தைக்கும் செப்புத் திருமேனிகள் எடுப்பித்து வழிபாட்டுக்கு நிவந்தமும் அளித்தாள். பெண்ணொருத்தியின் உருவத்தை மற்றொரு பெண் தன் பொருளால், தன் நினைவால் செய்வித்த நிகழ்ச்சி அது. அந்தத் தாயை நெருப்பின் நடுவே காட்டவேண்டும் என்று மகளுக்குத் தோன்றவில்லை.

ஐரோப்பாவிலும் அத்தகைய கைகள் இருந்தன. பொலோன்யா நகரத்து எலிசபெத்தா சிரானி இருபத்தேழு வயதில் 1665-இல் இறக்குமுன் அநேக ஓவியங்களோடு சில அச்சுத் தகடுகளும் செய்து, பெண்களுக்கு ஓவியமும் கற்பித்தாள். ஆனால் என் மனத்தை அதிகமாகக் கவர்ந்தவள் ஆம்ஸ்டர்டாமின் கெர்ட்ரெய்ட் ரோக்மன். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவள் தானே கற்பனை செய்து தானே தகட்டில் வெட்டிய ஐந்து படங்கள் உள்ளன: தைப்பவள், துணி மடிப்பவள், நூற்பவள், சமைப்பவள், பாத்திரம் துலக்குபவள். நீதி வாசகம் ஒன்றும் அடியில் இல்லை. சிலர் நமக்கு முதுகு காட்டி இருக்கின்றனர். பார்ப்பவனுக்காக அவர்கள் திரும்புவதில்லை. கையில் உள்ள வேலையில் மனம் தோய்ந்திருக்கிறது. அக்காலத்து ஆடவர் எழுதிய இல்லறப் படங்களில் சோம்பேறி வேலைக்காரியும் காமுகனும் ஓயாமல் வந்து நீதி போதித்தார்கள். ரோக்மனின் படங்களில் போதனை இல்லை, ஆகவே பாசாங்கும் இல்லை. பரோக் யுகம் முழுவதிலும் ஒழுக்கத்தின்பாற்பட்ட சித்திரங்கள் எவை என்று என்னைக் கேட்டால் இவ்வைந்தையும்தான் முதலில் எடுத்துவைப்பேன்.

அந்த யுகத்தின் மனிதர் ஒருவர் நமக்கு வெகு அருகில் வாழ்ந்தார். மாந்துவாவை அடுத்த காஸ்திலியோனில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவர், பரோக் ஆலயங்களின் பொன்னொளியில் வளர்ந்து, தமிழ்நாட்டுக்கு வந்து, விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் தேவமாதாவுக்குப் பெரியநாயகி என்ற திருநாமத்தோடு கோயில் எடுத்தார். தமிழ்ப் பெண்ணைப்போல் சேலை உடுத்திக் குழந்தையை ஏந்திய உருவம் அங்கே இருக்கிறது. முனிவர் மாதிரி அனுப்பி மணிலாவில் மரத்தில் செய்வித்ததாகத் தலவரலாறு கூறும். விருத்தாசலத்து அம்பிகையின் பெயரும் பெரியநாயகியே என்பதை அவர் அறியாதிருக்க முடியாது. ஐரோப்பிய அச்சுத்தாளில் மரியாளின் உருவம் அவருக்கு எத்தனையோ கிடைத்திருக்கும். அவற்றுள் ஒன்றைப் பெருக்கிப் பரப்புவதே எளிய வழி. அதை விடுத்து, வணங்க வரும் பெண்கள் தங்கள் சாயலை அவ்வுருவத்தில் காணவேண்டும் என்று கருதினார். தகடு வெட்டியவர்கள் தம் கற்பனையை இந்தியப் பெண்மேல் ஏற்றினார்கள். இவர் தம் தெய்வத்தை இந்தியப் பெண்ணின் ஆடைக்குள் கொண்டுவந்தார். 1726-இல் முடிந்த அவருடைய தேம்பாவணியிலும் அதே மனம் தெரிகிறது.

பின்வந்த சரித்திரம் நீண்டது, விரைந்து கடக்கிறேன். 1894-இல் பம்பாயில் இரவிவர்மா நிறுவிய கல்லச்சுக்கூடம் லட்சுமியையும் சரசுவதியையும் சகுந்தலையையும் ரம்பையையும் ஒரே இயந்திரத்தில் பெருக்கி வீடுதோறும் அனுப்பியபோது, பூஜையறைக்கும் கூடத்துக்கும் இடையே இருந்த எல்லை மங்கிற்று. ஓவியர் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் எழுதிச் சிவகாசியில் அச்சான நாட்காட்டிகள் தென்னாட்டுக்கு அதே வழியைத் திறந்தன. 1909-இல் ஏழு சம்புடங்களாக வந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில், கல்வராயன் மலையிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினர் உட்பட எத்தனையோ குலங்கள் விவரிக்கப்பட்டன. அந்நூலின் புகைப்படங்களில் நிற்கும் பெண்கள் பெரும்பாலும் குலப்பெயரால் மட்டுமே குறிக்கப்பட்டார்கள். செம்புக்குப் பதில் கண்ணாடி வந்தது, பெயரின்மை மாறவில்லை.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூஜை மண்டபங்களும் கதவுகளும் வாகனங்களும் விநாயகரும் லட்சுமியும் மாரியம்மனும் அப்பட்டறைகளிலிருந்து வெளியூர்களுக்குப் போகின்றன. தச்சர் செதுக்குவது கேட்பவர் கேட்பதை; தெய்வத்தைக் கேட்கிறோம், தெய்வம் கிடைக்கிறது. வெள்ளிமலைப் பக்கத்தில் கடுக்காய் பொறுக்கும் பெண்ணையும், சாமை தூற்றுபவளையும் நாம் இன்னும் கேட்கவில்லை. ரோக்மன் செம்பில் செய்ததை வாகையில் செய்ய நம் உளிக்கு வலிமை உண்டு. மாவட்டத் தலைநகரில் அருங்காட்சியகம் ஒன்று அமையுமானால் அதற்கென முதலில் செய்விக்க வேண்டியது அத்தகைய ஐந்தாறு பலகைகளை; உருவத்துக்கு நின்ற பெண் சம்மதித்தால் அவள் பெயரும் ஊரும் பலகையின் அடியில் வெட்டப்பட வேண்டும், நின்ற நாட்களுக்குத் தச்சருக்குக் கொடுக்கும் கூலிக்கு நிகரான கூலி அவளுக்கும் கொடுக்கப்பட வேண்டும்.